கேட் பதிவில் கோமளாவின் பெயர்

பெயர் அனந்தகிருஷ்ணன், வயது 74, மத்திய அரசின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முன்பு தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ். இப்போது முனிர்காவை அடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில், பி பிளாக், இரண்டாம் மாடி. ஹிந்தியில் எழுதினால் பிழை வரும் என்பதால் இந்தக் காவல் நிலையத்துக்கு என் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன்.

சொல்ல இருப்பவை:
1. கேட் பட்டியலை நான் தயாரித்தது.
2. அதை நான் தலைகீழாக மாற்றியது.
3. திரும்ப மாற்றினால் விடுபட்ட பெயர்கள் எல்லாம் கிடைக்கும் என்பது.

எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் கணினியில் ஏற்றித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். பெயரைக் கொடுத்தால் நம்பர் வரும்படி செய்தேன். அதன்பின் கேட்டில் நிற்கும் காவலாளி சேட்டு, உள்ளே வருகிறவர் சொல்லும் நம்பரை அடித்ததும் பெயர் வந்து பதிவில் ஏறினால் ஜல்தி ஆகும் என்றார். கணினி மொழியில் தேடக் கொடுக்கும் பெயர் ‘கீ’, கிடைக்கும் நம்பர் ‘வேல்யூ’. இரண்டையும் இடம் மாற்றும் நாலு வரி எழுதி, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன்.

கோமளா, பவுனு, முத்துமாரி மூவரும் ஒரே சந்தில் குடியிருப்பவர்கள். பவுனுவிடம் மட்டுமே போன் இருந்ததால் மூவரும் அவர் நம்பரையே கொடுத்திருந்தார்கள். இடம் மாற்றியதும் நம்பர்தான் ‘கீ’. ஒரே ‘கீ’ இரண்டு முறை இருக்க முடியாது; பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடும். கடைசியாக ஏற்றிய பெயர் கோமளா. சில நாள் கழித்து சேட்டு, "அங்கிள்ஜி, உங்க கம்ப்யூட்டருக்கு எல்லா அக்காவும் கோமளாதான்" என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை நாலாம் மாடியில் ஒரு தங்க வளையல் காணாமல் போனது. தாங்கள் கேட்டபடி அன்றைய கேட் பதிவை அச்செடுத்துக் கொடுத்தவன் நான்தான். அதில் கோமளா என்று இருந்தது. இன்று காலை முதல் அவர் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காலில் ஒரு செருப்புதான் இருக்கிறது. நான் உள்ளே வந்தபோது அவர் கேட்டது:

"அன்னிக்கி நான் ஆஸ்பத்திரி லைன்ல நின்னேன் சார். வராத ஆளு பேரை உங்க மிஷினு எப்படி சார் எழுதும்?"

அதன்பின் தங்கள் மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்து, பட்டியலைத் திரும்ப மாற்றினேன். அந்த நம்பரோடு கோமளா ஒருவரின் பெயர்தான் திரும்பி வந்தது. மறுபடி செய்தேன். அதேதான்.

பவுனுவும் முத்துமாரியும் பயந்துபோய் வேலைக்கு வரவில்லை என்று சேட்டு சொல்கிறார். அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்த நம்பரைச் சொல்லி யார் உள்ளே வந்தாலும் கோமளா என்றே பதிவாகியிருக்கும். அன்று வந்தவர் யார் என்று அந்தத் தாள் சொல்லாது.

ஆகவே என் மூன்றாவது கூற்று தவறு. அழிந்த பெயர்கள் திரும்ப வராது. அவை அங்கே இருந்தன என்பதற்கு இனி என் சொல் மட்டுமே இருக்கிறது. அந்த ஒன்றை நீக்கி, மற்றவை நான் அறிந்தவரை உண்மை. என் கையால் எழுதி, படித்துப் பார்த்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அனந்தகிருஷ்ணன்