மூன்று மணிக்குள் ஒரு பேக்கேஜ்

அண்ணி: ...அதான் கேக்கறேன், அதே கமாண்டை இன்னும் எத்தனை தடவை அடிப்பே?

நாத்தனார்: அது வழிக்கு வர்ற வரைக்கும். கொஞ்சம் பேசாம இருங்க அண்ணி, எண்ணிக்கிட்டிருக்கேன்.

அண்ணி: என்னத்தை?

நாத்தனார்: இடைவெளியை. இந்த விவரக் குறிப்புல ரெண்டாவது வரி ஒரு இடம் விட்டுத்தான் தொடங்கணுமாம். இல்லேன்னா கம்ப்யூட்டர் பேக்கேஜ் கட்ட மாட்டேன்னு அடம் பிடிக்குது.

அண்ணி: உங்க அண்ணன் மாதிரி.

நாத்தனார்: எங்க அண்ணன் உங்ககிட்ட அடம் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல.

அண்ணி: நீ பார்க்கற நேரத்துல பிடிக்க மாட்டார்... மணி என்ன?

நாத்தனார்: ஒண்ணே முக்கால். உங்க கையிலயும் வாட்ச் இருக்கு.

அண்ணி: நீ கொஞ்சம் குறைச்சுச் சொல்லுவியோன்னு ஒரு ஆசைதான்.

நாத்தனார்: முதல்ல உட்காருங்க. இந்த ரூம்ல ரெண்டு நாற்காலிக்கு நடுவுல நாலடி இருந்தா அதிகம். அதுல நீங்க நடந்தா எனக்குத் தலை சுத்துது.

அண்ணி: எப்படி உட்கார? மூணு மணிக்கு டயாலிசிஸ் வார்டுல அடுத்த பதினாலு பேர் வந்து படுக்கணும். யாருக்கு எந்த மெஷின், ரத்தம் சுத்தம் பண்ண எந்த ஃபில்டர்னு நம்ம புரோகிராம்தான் சொல்லணும். அங்க திரையில பட்டியலே இல்ல. காலையிலேர்ந்து காலி.

நாத்தனார்: தெரியும்.

அண்ணி: பழையபடி பென் டிரைவ்ல கொண்டு போய்க் கையால காப்பி பண்ணிட்டு வந்திருக்கலாம். இந்த வம்பே வந்திருக்காது.

நாத்தனார்: பதினோரு கம்ப்யூட்டருக்கும் அப்படித்தானே பண்ணினோம்? என்ன ஆச்சு? ஒண்ணுல புதுசு, ஒண்ணுல பழசு, ஒண்ணுல பாதி புதுசு பாதி பழசு. பேக்கேஜ்னா ஒரே பொட்டலம். எந்த ஃபைல் எங்க போகணும், கூட வேற என்ன சாஃப்ட்வேர் வேணும், பொறுப்பு யாரு... எல்லாம் உள்ளயே எழுதியிருக்கும். ஒரு கமாண்டு போட்டா ஏறும், இன்னொரு கமாண்டு போட்டா இறங்கும்.

அண்ணி: இறங்கும்... இறக்கறதையும் சோதிச்சியா?

நாத்தனார்: ம்... காலையில.

அண்ணி: எங்க?

நாத்தனார்: எங்கேன்னா... சோதனைக்குன்னு வச்சிருக்கற மெஷின்லதான். வேற எங்க?

அண்ணி: சும்மா கேட்டேன்.

நாத்தனார்: நீங்க எதையும் சும்மா கேக்க மாட்டீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்ட, உங்க அண்ணன் குறட்டை விடுவாரான்னு சும்மா கேட்டவங்கதானே.

அண்ணி: நீ இல்லேன்னு கூசாம சொன்னே.

நாத்தனார்: அதனாலதான் எனக்கு ஒரு அண்ணி கிடைச்சாங்க. ...அப்பாடா. அந்த வரி ஒத்துக்கிச்சு. இப்ப கடைசியில ஒரு வெத்து வரி இல்லைன்னு குறை சொல்லுது.

அண்ணி: போட்டுத் தொலை.

நாத்தனார்: போட்டாச்சு. இருங்க... இது என்ன? நீக்கும்போது ஓடற ஸ்கிரிப்ட் இன்னிக்குப் பத்து மணிக்கு மாறியிருக்கே. நீங்க தொட்டீங்களா?

அண்ணி: வரியெல்லாம் கோணலா இருந்துச்சு... நேர் பண்ணி வச்சேன்.

நாத்தனார்: இந்த அவசரத்துலயா?

அண்ணி: கை சும்மா இருக்கல. அதை விடு, கட்டு. மணி ரெண்டாகப் போகுது.

நாத்தனார்: கட்டறேன்... ஓடுது... ஓடுது... வந்துடுச்சு அண்ணி. முழுப் பேக்கேஜ்.

அண்ணி: வார்டுக்கு அனுப்பி ஏத்து. பார்த்து.

நாத்தனார்: ஏன் பார்த்துன்னு சொல்றீங்க?

அண்ணி: ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். எதுக்கு இப்படிப் பறக்கறே?

நாத்தனார்: நானா பறக்கறேன்? நகத்தைக் கடிச்சுத் துப்பிக்கிட்டிருக்கறது யாராம்... சரி, ஏறிடுச்சு. பட்டியல் மட்டும் இன்னும் காலிதான். நேத்து ராத்திரி தானா எடுத்து வச்ச பிரதி ஒண்ணு இருக்கு. அதைப் போடறேன்.

அண்ணி: போடு.

நாத்தனார்: போட்டுட்டேன். பதினாலு பேரும் வந்துட்டாங்க.

அண்ணி: அப்பாடி. முடிஞ்சுது.

நாத்தனார்: ...ம்.

அண்ணி: என்ன 'ம்'?

நாத்தனார்: ஒண்ணுமில்ல.

தலைமை நர்ஸ்: உள்ள வரலாமா? படி ஏறி வந்தேன், லிஃப்டுக்கு நிக்கப் பொறுமையில்ல. பட்டியல் வந்துடுச்சும்மா, பார்த்துட்டுத்தான் வரேன். காலையில பத்து மணிக்குப் போன் பண்ணினேன், இப்பத்தான் உயிர் வந்துச்சு.

அண்ணி: நெட்வொர்க் தகராறு சிஸ்டர். சரி பண்ணியாச்சு. நீங்க போய் வேலையைப் பாருங்க.

நாத்தனார்: சிஸ்டர், ஒரு நிமிஷம்...

அண்ணி: அவங்களுக்கு நேரமாகுது. அப்புறம் பேசிக்கலாம்.

நாத்தனார்: இல்ல அண்ணி. சிஸ்டர், இன்னிக்குக் காலையில பட்டியல்ல ஏதாவது மாத்தினீங்களா?

தலைமை நர்ஸ்: எட்டு மணிக்கு மூணு பேருக்கு மாத்தினேன். ஏன்? ஜன்னலோரக் கட்டில்காரருக்குப் போன தடவை அந்த ஃபில்டர் ஒத்துக்காம மூச்சுத் திணறிடுச்சு. டாக்டர் வேற ஃபில்டர் எழுதினார். அதைப் பதிஞ்சு வச்சேன்.

நாத்தனார்: இப்பத் திரையில பழைய ஃபில்டர்தான் இருக்கும்.

தலைமை நர்ஸ்: ...எப்படி?

நாத்தனார்: அது நேத்து ராத்திரி எடுத்த பிரதி. காலையில நீங்க பதிஞ்சது அதுல இல்ல.

தலைமை நர்ஸ்: நெட்வொர்க்னு சொன்னாங்களே.

நாத்தனார்: நெட்வொர்க் இல்ல சிஸ்டர். ஒன்பது மணிக்கு நான், போன வாரம் ஏத்தின பழைய பேக்கேஜை இறக்கிச் சோதிச்சேன். கமாண்டு அடிக்கற கறுப்புத் திரை ரெண்டு திறந்து வச்சிருந்தேன். ஒண்ணு சோதனை மெஷின், இன்னொண்ணு உங்க வார்டு மெஷின். மாத்தி அடிச்சுட்டேன். புரோகிராம் மட்டும்தான் போயிருக்கணும்... பட்டியல் இருந்த ஃபோல்டரும் சேர்ந்து போயிடுச்சு. நீக்கற ஸ்கிரிப்ட்ல ஏதோ தப்பு விட்டிருக்கேன்.

தலைமை நர்ஸ்: ஒன்பது மணிக்கு நடந்ததை ரெண்டரைக்குச் சொல்றே.

நாத்தனார்: ஆமா.

தலைமை நர்ஸ்: நான் அந்தத் திரையை நம்பி ஃபில்டரை மாட்டியிருந்தா? சரி. டாக்டர் கைப்பட எழுதின சீட்டு கட்டில்ல தொங்குது. மூணையும் நானே திரும்பப் பதியறேன். உங்கள்ல ஒருத்தர் கீழ வந்து, பதினாலு பேரையும் ஒவ்வொண்ணா என்கூட ஒத்துப் பாருங்க. அது முடியாம யாரையும் மெஷின்ல போட மாட்டேன்.

நாத்தனார்: வரேன் சிஸ்டர்.

தலைமை நர்ஸ்: அப்புறம்... யாரு, என்ன, எத்தனை மணிக்குன்னு எழுதிக் குடுத்துடும்மா. என் வார்டுல நடந்ததை நான் மூடி வைக்க முடியாது. உனக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?

நாத்தனார்: நாளைக்குத்தான் கையெழுத்து.

தலைமை நர்ஸ்: ...சீக்கிரம் கீழ வா.

நாத்தனார்: போயிட்டாங்க. ...ம், திட்டுங்க அண்ணி.

அண்ணி: எதுக்குச் சொன்னே?

நாத்தனார்: அந்த மனுஷனுக்கு மூச்சுத் திணறும்னு தெரிஞ்சும் எப்படிச் சொல்லாம இருக்க?

அண்ணி: எனக்கு அந்த ஃபில்டர் விஷயம் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

நாத்தனார்: உங்களை யார் குறை சொன்னா? நீங்க சிபாரிசு பண்ணித்தான் நான் இங்க வந்தேன். போன மாசம்தான் உங்களைப் பிரிவுக்குத் தலைவியாக்கினாங்க. அதுக்குள்ள வீட்டு ஆளாலயே உங்க பேரைக் கெடுத்துட்டேன். அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியல.

அண்ணி: அவர் கிடக்கார்.

நாத்தனார்: எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்த ஸ்கிரிப்டை இப்பத் திறந்து பார்த்தேன். சரியாத்தான் இருக்கு. பட்டியலை அது தொடவே இல்ல. பின்ன எப்படிப் போச்சு? நான் எழுதினதை நானே மறந்துட்டேனா? பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு.

அண்ணி: எழுத ஆரம்பிச்சிட்டியா?

நாத்தனார்: ரெண்டு வரி. 'காலை ஒன்பது மணிக்கு வார்டுக் கணினியில் தவறுதலாக நீக்கக் கட்டளை கொடுத்தேன். ஸ்கிரிப்டில் நான் செய்த பிழையால் பட்டியல் அழிந்தது.' போதுமா?

அண்ணி: ரெண்டாவது வரியை அழி.

நாத்தனார்: அதான் வாயால சொல்லிட்டேனே அண்ணி. இனிமே அழிச்சு என்ன?

அண்ணி: திரை மாறினது உன் தப்பு, அது இருக்கட்டும். ரெண்டாவது உன்னோடது இல்ல. பழைய நோயாளிங்க விவரம் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு போன வாரம் அதுல ஒரு வரி சேர்த்தது நான். ஃபைல் பேரு வர்ற இடம் காலியா இருந்தா மொத்த ஃபோல்டரையும் அழிச்சிடும்னு யோசிக்கல. பத்து மணிக்கு சிஸ்டர் போன் வந்ததும் போய்ப் பார்த்தேன், புரிஞ்சுது. அந்த வரியை எடுத்துட்டு மூடி வச்சேன். நீ அவங்க முன்னாடி நின்னு உன் தப்புன்னு சொன்னப்பவும் வாயைத் திறக்கல... தள்ளு, அந்த நாற்காலியைக் குடு. அதை நான் எழுதறேன். நீ கீழ போய் பட்டியலைப் பாரு.