முப்பது தப்படி

ஆர்வோ: விரலை எடுடா. ஏரியே தெரியல, அவ்வளவு தடி விரல் உனக்கு.

லெஸ்டர்: வரைபடத்தை எட்டா மடிச்சு வெச்சவன் நீ. மடிப்புல ரெண்டு ஏரி கிழிஞ்சே போச்சு, என் விரலைக் குத்தம் சொல்றான்.

ஆர்வோ: கிழிஞ்சதுல நமக்கு வேலை இல்ல. இங்க பாரு... பாலத்துக்கிட்ட தோணியை இறக்கறோம். மதியத்துக்குள்ள நீட்டு ஏரி. அது முடியற இடத்துல கரையேறி, தோணியைத் தலைமேல கவுத்துக்கிட்டு எண்பது தப்படி. அடுத்த ஏரி வந்துடும்.

லெஸ்டர்: எண்பதா! உன் வாசல்ல இருந்து நீராவியில குளிக்கற சானா அறைக்கே அதைவிட தூரம்.

ஆர்வோ: அதான் சொல்றேன். நாலு நாளைக்கு மூணே சுமைநடை. மூணும் சமதரை. சேறு கிடையாது, ஏத்தம் கிடையாது.

லெஸ்டர்: யாருக்குடா இவ்வளவு சுலபம் வேணும்?

ஆர்வோ: உன் முட்டிக்கு.

லெஸ்டர்: என் முட்டிக்கு என்ன? நெஞ்சுக்குள்ள பேஸ்மேக்கர் வெச்சவன் நீ. உனக்காகத்தான் நானும் வாயை மூடிக்கிட்டு தலையாட்டறேன்.

ஆர்வோ: அது பாட்டுக்கு ஓடுது. நீ ரொட்டி எடுத்துக்க.

லெஸ்டர்: ...ஏலக்காய் போட்டதா?

ஆர்வோ: போட்டதாச் சொன்னாங்க. கடையில வாங்கினது.

லெஸ்டர்: உன் வீட்டுக்காரி ஹெல்மி இருந்தப்ப, அவ சுட்டா தெருமுனையிலயே மணக்கும்.

ஆர்வோ: ம்.

லெஸ்டர்: சரி... பன்றிக்கறி, பீன்ஸ், மாவு நான் பாத்துக்கறேன். காபித்தூள் மட்டும் நீ வாங்காதே. கடைசியா நீ வாங்கினது மண்ணு மாதிரி இருந்துது.

ஆர்வோ: ஏழெட்டு வருஷம் முன்னாடி குடிச்ச காபியை இன்னும் மறக்கலையா நீ?

லெஸ்டர்: நாக்குல இன்னும் இருக்குடா. எப்ப கிளம்பறோம்? ஐஸ் உடைய மே நடுவுல ஆயிடும்.

ஆர்வோ: ஜூன் முதல் வாரம். கறுப்பு ஈ பிடுங்கித் தின்னும், பரவாயில்ல. இந்த வருஷமும் போகலைன்னா அப்புறம் போக மாட்டோம்டா. எழுபத்தொண்ணு எனக்கு.

லெஸ்டர்: ஆமா... ஆறு வருஷமா ஒவ்வொரு ஜூனுக்கும் ஒரு சாக்கு. போன வருஷம் சானா கூரை ஒழுகுதுன்னே.

ஆர்வோ: நீ மட்டும் என்ன? அதுக்கு முந்தின வருஷம் பல்லு வலின்னே. பல்லே கட்டுன பல்லு!

லெஸ்டர்: ஈறு வலிடா அது.

ஆர்வோ: சும்மா இரு.

லெஸ்டர்: ...நீ ஒண்ணு கேக்கவே இல்லையே.

ஆர்வோ: என்ன கேக்கணும்?

லெஸ்டர்: வாய்மூடி ஏரிக்குப் போகலாமான்னு.

ஆர்வோ: நீயும்தான் கேக்கல.

லெஸ்டர்: வரைபடத்துல பேர்கூட இல்லாத ஏரி. முப்பத்திநாலு வருஷம் போனோம். பேரு வெச்சதே நீ. கரையில முதல் முப்பது தப்படிக்கு ஒரு இலையைக்கூட வெட்டக் கூடாது, தண்ணியில போறவன் கண்ணுக்குப் பாதையே தெரியக் கூடாதுன்னு சட்டம் போட்டவனும் நீ.

ஆர்வோ: அதெல்லாம் இப்ப எதுக்கு...

லெஸ்டர்: தோணியைச் சாய்ச்சுப் புதருக்குள்ள இழுப்போம். காதெல்லாம் கிழியும். ஒருதடவை ஒரே ஒரு கிளையை ஒடிச்சேன்னு மூணு நாள் எங்கூட பேசாம வந்தியே, ஞாபகம் இருக்கா?

ஆர்வோ: பெரிய கிளைடா அது.

லெஸ்டர்: சுண்டுவிரல் தண்டி!

ஆர்வோ: சரி விடு. அங்க வேண்டாம். அந்தப் புதர் உன் முட்டிக்கு ஆகாது.

லெஸ்டர்: சரி. வேண்டாம்.

ஆர்வோ: ...என்னடா, உடனே சரின்னுட்டே? ஒரு மணி நேரம் மல்லுக்கு நிப்பேன்னு நினைச்சேன்.

லெஸ்டர்: நீ வேண்டாம்னா வேண்டாம். காபி ஊத்து.

ஆர்வோ: எந்த வழியாப் போனாலும் தோணியைத் தூக்க ஒரு வாலிபத் தோள் வேணும். நாம ரெண்டு பேரும் தூக்கினா எண்பது தப்படி எண்ணூறு ஆயிடும். டெரக்கைக் கூப்பிடேன்.

லெஸ்டர்: அவன் பேரை எடுக்காதே.

ஆர்வோ: உன் மாப்பிள்ளைடா.

லெஸ்டர்: எனக்கு மாப்பிள்ளையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

ஆர்வோ: ஹெல்மியோட சவப்பெட்டியைத் தூக்கினவன் அவன். அந்தக் குளிர்ல, முன் பக்கம். பனியில ஒரு அடி சறுக்கல. அப்படிப்பட்ட பையனை...

லெஸ்டர்: விடுன்னு சொல்றேன்ல.

ஆர்வோ: நோரா வின்னிபெக் போயி ஆறு வருஷம் ஆகப் போகுது. பெத்த பொண்ணு. என்ன சண்டைன்னு நானும் எத்தனை தடவை கேட்டுட்டேன். குடும்ப விஷயம், குடும்ப விஷயம்னு வாயை அடைச்சுட்டே. நான் உனக்கு யாரு, தெருவுல போறவனா? சொல்லுடா.

லெஸ்டர்: சொன்னா கோவப்பட மாட்டியே?

ஆர்வோ: படுவேன். சொல்லு.

லெஸ்டர்: ஹெல்மி முடியாம படுத்தாளே, அந்த ஜூன்ல நீ வரல. நான் தனியாப் போறேன்னு சொன்னேன்ல...

ஆர்வோ: ஆமா.

லெஸ்டர்: தனியாப் போகல. டெரக்கைக் கூட்டிட்டுப் போனேன். வாய்மூடிக்கு.

ஆர்வோ: ...யாருக்கும் காட்டறதில்லைன்னு சத்தியம் பண்ணினோமேடா.

லெஸ்டர்: பண்ணினோம். கல்யாணமாகி ஒரு வருஷம் அவங்களுக்கு. எனக்கும் அவனுக்கும் பேசவே ஒண்ணும் இருக்காது. அந்த நாலு நாள்தான்டா அவனை எனக்குப் பிடிச்சுது. திரும்பறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "மாமா, நோராகிட்டகூட சொல்ல மாட்டேன்"னான். நம்பினேன்.

ஆர்வோ: அப்புறம்?

லெஸ்டர்: அடுத்த ஜூன். ஹெல்மி போயி ஏழு மாசம். நீ இருந்த நிலைமைக்கு உன்னைக் கூப்பிட மனசு வரல, நான் மட்டும் போனேன். வளைவுல திரும்பறப்பவே தெரிஞ்சுது ஆர்வோ. கரையில கதவைத் திறந்து வெச்ச மாதிரி. அந்த முப்பது தப்படியும்... சுத்தமா வெட்டி எடுத்திருந்துது. அந்தப் பக்கம் போனா, நாலு தோணி. யாரு எவருன்னே தெரியாத ஆளுங்க. நெருப்பு மூட்டின இடமெல்லாம் பீர் டப்பா. மூணு நாள் தூண்டில் போட்டேன். ஒரு ட்ரவுட் மீன்கூட தொடல. முப்பத்திநாலு வருஷம் காப்பாத்தினது, ஒரே வருஷத்துல துடைச்சுட்டுப் போயிட்டாங்க.

ஆர்வோ: நாலு தோணியா... நீ இதை எனக்குச் சொல்லவே இல்ல.

லெஸ்டர்: எப்படிச் சொல்வேன்? நேரா அவங்க வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுட்டு இருந்தாங்க. நோராவுக்கு ஆறு மாசம். வாசல்ல நின்னே கத்தினேன். வாய் கூசற வார்த்தையெல்லாம் சொன்னேன்டா. அவன் எந்திரிச்சு நின்னு, "நான் இல்ல மாமா"ன்னான். அவ வயித்து மேல கையை வெச்சு சத்தியம் பண்ணினான். "பொய்க்கு என் பேரப்பிள்ளையைச் சாட்சி வெக்கறியா"ன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சேன்.

ஆர்வோ: லெஸ்டர்...

லெஸ்டர்: நோரா அழுதா. "அப்பா, அந்தப் பயணம் முடிஞ்ச வாரமே அவர் சுரங்க வேலைக்கு வடக்க போயிட்டார், அக்டோபர்லதானே வந்தார்"னா. நான் கேக்கல. ஆகஸ்ட் மாசம் அவங்க சாமானை ஏத்தினாங்க. நான் ஜன்னல் வழியாப் பாத்துட்டு உள்ளயே உக்காந்திருந்தேன்.

ஆர்வோ: அவ சொன்னதை யோசிச்சுப் பாத்திருக்கலாம்லடா.

லெஸ்டர்: யோசிக்கலைன்னா சொல்றே? ஆறு வருஷமா அதேதான் யோசனை. அந்த இடம் தெரிஞ்சது மூணு பேருக்கு. நான் வெட்டல. நீ... ஒரு கிளைக்கு மூணு நாள் பேசாதவன். மிச்சம் யாரு?

ஆர்வோ: என்னைக் கேட்டிருக்கலாம்.

லெஸ்டர்: கேட்டா அவனைக் கூட்டிட்டுப் போனதைச் சொல்லணும். பொண்ணும் போயிட்டா. உன்னையும் விட்டுட்டா எனக்கு யாருடா இருக்கா?

ஆர்வோ: ...எதால வெட்டியிருந்துது? கோடாலியா?

லெஸ்டர்: அதெல்லாம் இப்ப எதுக்கு?

ஆர்வோ: சொல்லேன்.

லெஸ்டர்: ரம்பம். ஒவ்வொரு கட்டையும் தரையோட தரையா அறுத்திருந்துது. நீட்டிக்கிட்டு இருந்த வேரையும் செதுக்கி எடுத்திருந்தான். பள்ளத்துல கல்லைப் போட்டு, மேல பாசியைப் பரப்பி... மீன் திருட வந்தவனுக்கு அவ்வளவு பொறுமை எதுக்குன்னு எனக்கு அன்னிக்கே புரியல. கோவத்துல அதுக்கு மேல யோசிக்கல. சின்னக் குழந்தைகூட விழாம நடக்கும் அதுல.

ஆர்வோ: உன் பேத்திக்கு இப்ப என்ன வயசு?

லெஸ்டர்: செப்டம்பர் வந்தா ஆறு. பேரு மட்டும்தான் தெரியும். அதுவும் தபால்காரி சொல்லி.

ஆர்வோ: அந்த போனை இப்படித் தள்ளு.

லெஸ்டர்: எதுக்கு?

ஆர்வோ: நோரா நம்பரைச் சொல்லு. நான் பேசணும். அவகிட்ட பேசிட்டு, டெரக்கிட்டயும் பேசணும்.

லெஸ்டர்: நீ என்னடா பேசப் போறே? ஏன் சட்டைப் பொத்தானைக் கழட்டறே... ஆர்வோ? நெஞ்சு வலிக்குதா?

ஆர்வோ: நெஞ்சுக்கு ஒண்ணும் இல்ல. நீ உக்காரு. ஹெல்மி படுத்த வருஷம் ஆகஸ்ட்ல டாக்டர் கையை விரிச்சுட்டார்ல... வீட்டுக்கு வந்ததும் ஹெல்மி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "முப்பத்திநாலு வருஷமா என்னை விட்டுட்டு ஓடறியே, அந்த ஏரியை எனக்கு ஒருதடவை காட்டு"ன்னா. முன்கூட்டியே போயி ரெண்டு நாள் வேலை செஞ்சேன். அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மீன் பிடிச்சா, கையில வெச்சுப் பாத்துட்டு விட்டுட்டா. திரும்ப வந்து புதரை இழுத்துப் போட்டு மூடிடலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள நவம்பர்ல அவ போயிட்டா. சட்டம் போட்ட வாயால உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது, ஆறு வருஷமும் சாக்கு சொல்லியே ஓட்டிட்டேன்... உன் மாப்பிள்ளை பொய் சொல்லல லெஸ்டர். ஹெல்மி ஊணி நடந்த கைத்தடி தடுக்கக் கூடாதுன்னுதான்டா நான் தரையோட அறுத்தேன்.