பரிமளத்தின் கால்கட்டு

லுணுகலைப் பக்கம் மாட்டுக்கு உண்ணி பிடிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மழைக்குப் பிறகு தேயிலைக்குள் இறங்குகிறவர்கள் அட்டையையும் உண்ணியையும் பிய்த்துப் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பதுளையில் துணிக்கடைக்காரர் மகனாகப் பிறந்து, தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுக்கும் இந்த ஷுக்ரி உண்ணியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது மகள் மர்லியாவால்தான்.

போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உள்ளங்கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி இரத்தம் குடித்து உப்பியிருந்தது. உண்ணிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை, மலைக்குளிர்தான் என்றார் பெரிய டாக்டர். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து, அந்த உண்ணியை நசுக்கி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

உருண்டையாகச் சில, குச்சிபோலச் சில, சங்கிலியாகச் சில. அந்தச் சின்ன வயிற்றுக்குள் இத்தனை வகைக் கிருமிகள், ஒரே லயத்து வரிசை அறைகளில் குடியிருப்பவர்களைப்போல் ஒட்டிக்கொண்டு வாழ்ந்தன. மாட்டு உண்ணியில் ஒரு கூட்டம், மான் உண்ணியில் வேறு கூட்டம். பெரும்பாலானவை தீங்கு செய்யாதவையாகத்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். எது என் பிள்ளையைக் கொண்டுபோனது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். தகப்பன் கேட்கக்கூடாத கேள்வியா?

உண்ணிகளை முதலில் முயல்களில் வைத்துப் பார்த்தேன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொழுந்து பறிக்கும் பரிமளம், தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய குச்சி காலில் குத்தி வந்தாள். காயத்தைச் சுத்தமாகக் கழுவினேன். மான் உண்ணிகளை வைத்து, மேலே கட்டுப் போட்டேன்.

"ஐயா, கட்டுக்குள்ள என்னமோ ஊர்ற மாதிரி இருக்குங்களே," என்றாள் மறுநாள்.

"மருந்து பிடிக்குது. அவுத்துடாத."

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்."

அவள் அவிழ்க்கவில்லை. காய்ச்சல் வந்தது, மர்லியாவுக்கு வந்த அதே புள்ளிகளும் வந்தன. நான் பக்கத்திலேயே இருந்து கஞ்சி ஊட்டினேன், நெற்றியைத் துடைத்தேன். அவள் இறந்தபோது அவள் புருஷன் லிங்கம், "கூடப்பொறந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்கய்யா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

ஆனால் ஒரு சாவு எதையும் நிரூபிக்காது. லயத்துக் காய்ச்சல் என்று டாக்டர் சொல்லிவிடுவார். அதே வீட்டில், அதே சோற்றைத் தின்றவனுக்கு வேறு உண்ணி வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. லிங்கத்தின் கையில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. மாட்டு உண்ணிகளை வைத்துக் கட்டினேன்.

அவன் கட்டை அவிழ்த்துவிட்டான். உள்ளே இருந்தவற்றை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வந்து, என் மனைவி ஸித்தி ஸுபைதாவிடம் காட்டினான். சத்தம் போடவில்லை. "இதுதாங்களா அவ கால்லயும் இருந்திச்சு?" என்று மட்டும் கேட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனவள் அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

பரிமளத்தைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

பொலிஸுக்குப் புறப்படும் முன் ஸுபைதா என்னிடம் ஒன்று கேட்டாள். "மர்லியா உசிரோட இருந்து, காயத்தோட வந்திருந்தா, அவட கால்லயும் வெச்சுக் கட்டியிருப்பீங்களா?"

இல்லை என்றேன். அவள் சின்னப் பிள்ளை. கட்டை அவிழ்க்காமல் இருந்திருக்கமாட்டாள்.