மேட்டுக்கு ரெண்டு சைக்கிள்

கஜபதி: தோளு ரெண்டும் கழண்டு விழுந்துடும் போலகீது பாவா. கிருத்திகைக்கு ஒரு நாள் டோலி தூக்கினா, அப்புறம் சோத்துக் கைய வாய்க்குத் தூக்க முடியல. அந்த மெட்ராஸ் மண்டிக்காரரு... ஆளா அது. மலைப்படி பூரா ‘மெல்லமா, மெல்லமா’ன்னுகினே வந்தாரு.

துளசிங்கம்: பின்னால புடிச்சவன் நான். ஏறும்போது எவன் மேல எறங்கும் வெயிட்டு?

கஜபதி: அதான் நாளைக்கு ரெண்டு பேரும் தூங்கலாம். கிருத்திகைக்கு மறுநாள் மலைக்கு எவன் வரான்.

துளசிங்கம்: தூங்க வேணாம். பூண்டி ஏரிக்குப் போறோம். கடையில ரெண்டு சைக்கிளுக்கு சொல்லிட்டேன்.

கஜபதி: ஏரிக்கா... என்னா வேலை அங்க?

துளசிங்கம்: சும்மா. அணை கட்டினப்ப எங்க பழைய ஊரு முழுவிச்சே, அதுல மந்தை மேடு மட்டும் தண்ணிக்கு மேல நிக்குதாம். நாலு பக்கமும் தண்ணி. தீவாட்டம். பரிசல்ல போய் எறங்கிப் பாத்துட்டு வரலாம்.

கஜபதி: இந்தத் தோளை வச்சிகினு சைக்கிளா...

துளசிங்கம்: மிதிக்கறது காலுதானே.

கஜபதி: சரி சாமி. திருவள்ளூர்ல இட்லி. மேட்டு மேல கருவாட்டுக் குழம்பு. எல்லாம் யுத்தத்துக்கு முந்தின டயரு, வழியில வெடிச்சா நீதான் தள்ளணும்.

துளசிங்கம்: அடுப்பு மூட்டறதெல்லாம் வேணாம். சோறு கட்டிகினு போவோம். பொழுது சாய வந்துடணும்.

கஜபதி: பையை இப்பவே கட்டிட்டியா... இதென்னா, புது வேட்டி. போயிலை வேற. நீ வெத்தலை கூட போடமாட்டியே.

துளசிங்கம்: வை அதை. கிளறாத.

கஜபதி: அடியில என்னா... மஞ்சக் கயிறு. பாவா, எங்க அக்கா கழுத்துல நல்லாத்தானே கீது? மேட்டு மேல எவளையாவது...

துளசிங்கம்: செருப்பு பிஞ்சிடும். மெல்லமா பேசு. அம்மா பின்னால கூழு கிண்டிகினு கீது.

கஜபதி: அப்ப விசயத்தைச் சொல்லு. இல்லாட்டி நான் வரல.

துளசிங்கம்: ஏரியில பரிசல் விடறாரே கோதண்டம், அவரு போன வாரம் மொட்டை போட வந்தாரு. படியில பாத்தேன். மந்தை மேட்டுல ஒரு ஆளு கீறாராம். தனியா. கேவுரு வெதைச்சிகினு, நாலு ஆடு வச்சிகினு...

கஜபதி: இருந்துட்டுப் போறான்.

துளசிங்கம்: இடது காது பாதி இல்லையாம். சின்ன வயசுல மாடு கிழிச்சதுன்னாராம்.

கஜபதி: இந்தத் தமாசு வேணாம் பாவா. உங்க நைனாவை நாம பொதைச்சோம். குழி வெட்டினவன் நான்.

துளசிங்கம்: மொட்டை அடிச்சிகினவன் நான். திருத்தணியில டோலி தூக்கறான் என் பையன், பேரு துளசிங்கம்னு சொல்லி அனுப்பிகீறாரு. இதுக்கு மேல என்னா வேணும்?

கஜபதி: அப்ப... அந்தக் குழியில கீறது யாரு?

துளசிங்கம்: எனக்கு எப்படித் தெரியும். தண்ணி ஏறினப்ப, வீட்டுக் கதவு நிலையைப் பேத்துகினு வரேன்னு திரும்பிப் போனாரு. வரல. அப்புறம் கரையில ஒதுங்கின உடம்பு ஊதிப் போயிருந்துச்சு, பாயில சுத்தி வச்சிருந்தாங்க. நாத்தத்துல நாம கிட்டயே போவல. அம்மாதான் தொறந்து பாத்துட்டு வந்து, அவருதான்னு சொல்லிச்சு.

கஜபதி: உசுரோட கீற மனுசன் ஏன் வரல?

துளசிங்கம்: கருமாதி ஆயிடுச்சுன்னு கேள்விப்பட்டாராம். கருமாதி ஆனவன் வாசப்படி மிதிச்சா குடும்பம் விளங்காதுன்னு அங்கயே குந்திட்டாராம். இப்ப இருமலாம். பையனை ஒரு தபா வரச் சொல்லுன்னு அழுதாராம்.

கஜபதி: அத்தை கழுத்துத் தாலியைக் கழட்டினது எங்கம்மா. புருசன் உசுரோட இருக்க... வளையலை ஒடைச்சி, பூவைப் பிச்சி...

துளசிங்கம்: அதுக்குத்தான் கயிறு. கூட்டிகினு வந்து சாமி முன்னால மறுபடி கட்டச் சொல்லப் போறேன். அம்மா மொகத்தை நான் அப்பப் பாக்கணும்.

கௌரியம்மாள்: கூட்டிகினு வராத.

துளசிங்கம்: அம்மா... எப்ப வந்த நீ?

கௌரியம்மாள்: காதுன்னு சொன்னியே, அப்பவே. கஜா, கூழு அடிபுடிச்சிடும், போய் எறக்கு.

கஜபதி: நான் போவல அத்தை.

துளசிங்கம்: நைனா சாவலம்மா. வெளங்குதா உனக்கு? கருமாதி தோசத்துக்கு அய்யருகிட்ட ஏதாவது கேட்டு...

கௌரியம்மாள்: தோசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஆளு இந்த வாசல்ல வந்து நின்னா, நான் ரயிலேறி அரக்கோணம் போயி கரி அள்ளிப் பொழைச்சிக்குவேன். இங்க தொட்டுப் பாரு. தோள்பட்டை. எலும்பு எப்படிக் கோணிகினு சேந்துகீது பாரு.

துளசிங்கம்: அது... கெணத்துல விழுந்தேன்னு சொன்ன.

கௌரியம்மாள்: உலக்கைன்னு சொல்லியிருந்தா நீ என்னா பண்ணியிருப்ப? அவரு உன்னையும் சேத்து அடிச்சிருப்பாரு.

துளசிங்கம்: அப்ப அன்னிக்கு... பாயைத் தொறந்தப்ப...

கௌரியம்மாள்: ரெண்டு காதும் முழுசா இருந்துச்சு.

கஜபதி: அத்தை...

துளசிங்கம்: தெரிஞ்சே சொன்னியா? நான் பொரண்டு அழுதேனே. பாத்துகினு இருந்தியே.

கௌரியம்மாள்: பாத்துகினுதான் இருந்தேன். வெளிய வந்து வாயைத் தொறந்தேன், அவருதான்னு வந்துடுச்சு. அப்புறம் திருப்பிச் சொல்ல மனசு வரல. அன்னிக்கு ராத்திரிதான் நான் அசந்து தூங்கினேன்.

துளசிங்கம்: அது யாரும்மா?

கௌரியம்மாள்: அணைக்கு மண்ணு சொமக்க வந்த தெலுங்குக் கூலியாளு. உன் வயசு இருக்கும். இடுப்புல அவங்க ஜனம் கட்டற தாயத்து கட்டியிருந்தான். அவுத்து வச்சிகினேன். இந்தா, புடி.

துளசிங்கம்: என்கிட்ட ஏன் குடுக்கற...

கௌரியம்மாள்: நாளைக்குப் போ. வேட்டியும் போயிலையும் அந்த ஆளுக்குக் குடு. இருமலுக்கு மருந்து வேணும்னா வாங்கிக் குடு. அவரு பசியில சாவ வேணாம், ஆனா மேட்டுலயே இருக்கட்டும். கரைக்குத் திரும்பி, அங்க கொட்டாய் போட்டுகினு கீறாங்களே கூலி ஜனம், அவங்ககிட்ட இந்தத் தாயத்தைக் காட்டு. இவன் எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ளைன்னு கேளு.

துளசிங்கம்: கேட்டு?

கௌரியம்மாள்: எங்கயோ ஒருத்தி கழுத்துல தாலியோட, இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு குந்திகினு கீறா. அவளுக்கு ஒரு சாவுச் சேதி நான் கடன்பட்டிருக்கேன். இன்னும் குடுக்கல.