கோடு விழாத சுவர்

செவரினா: நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

செனோபியோ: கையை நிறுத்தாம கேளு. நீ முன்னால பிரஷால ஓரம் வெட்டிட்டே போனாத்தான் நான் பின்னாலயே பெயிண்ட் உருளை ஓட்ட முடியும்.

செவரினா: கையும் ஓடுது, வாயும் ஓடுது. போன வாரம் மாடிச் சுவத்தை உன்கூட அடிச்சது யாரு?

செனோபியோ: யாரும் இல்லன்னு காலையில இருந்து...

செவரினா: யோவ், யாருக்குக் காது குத்துற? இப்போ தண்ணி எடுக்க மாடிக்குப் போனேன். ஜன்னல் வெயில் பளிச்சுனு சுவத்துல விழுது. ஒரு கோடு? ஒரு பட்டை? வாசல்ல இருந்து அந்தக் கோடி வரைக்கும் வழுவழுன்னு...

செனோபியோ: நல்லா இருந்தா அதுவும் குத்தமா?

செவரினா: இந்த எல் ஆல்ட்டோ ஊரு வறண்ட காத்துல, ஓரம் வெட்டிட்டு ஏணியில இருந்து இறங்குறதுக்குள்ள பெயிண்ட் காஞ்சுடும். காஞ்சது மேல உருளை பட்டா பட்டை விழும். அதுக்குத்தானே இத்தனை வருஷமா நாம ஜோடியா அடிக்கிறோம்? தனியா அடிச்சானாம், கோடே விழலையாம்!

செனோபியோ: மெதுவா பேசேன். பாலித்தீன் திரைக்கு அந்தப் பக்கம் ஜனங்க சாப்பிடுறாங்க.

செவரினா: சாப்பிடட்டும். கோழிக்குத் தொட்டுக்க நம்ம கதை. என் தங்கச்சி துணிக்கடைக்கு வா வான்னு கூப்பிட்டா. நிழல்ல உட்கார்ந்து வியாபாரம் பார்த்திருப்பேன். 'நீ இல்லாம எனக்கு ஒரு சுவர் முடியாது'ன்னு சொன்னியேன்னுதான் இந்த ஏணியில தொங்குறேன். இப்போ வேற ஜோடி கிடைச்சாச்சு!

செனோபியோ: ஜோடியும் இல்ல, ஒண்ணும் இல்ல.

செவரினா: நில்டாதானே?

செனோபியோ: ஆரம்பிச்சுட்டியா...

செவரினா: கல்யாணத்துக்கு முன்னாடி உன்கூட ஜோடி சேர்ந்து அடிச்சவ. 'நில்டா கை நூல் புடிச்ச மாதிரி போகும்'னு சொன்னியே, என் தங்கச்சி கல்யாணத்துல, பீரைக் குடிச்சுட்டு, எங்க சனம் அத்தனை பேர் முன்னாடியும்...

செனோபியோ: ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு இன்னுமா?

செவரினா: இன்னும்தான். வயிறு எரியுதுய்யா எனக்கு. நான் வெட்டுன ஓரத்தைப் பார்த்து என்னிக்காவது அப்படிச் சொல்லிருக்கியா?

செனோபியோ: மூலை! மூலையை விட்டுட்ட பாரு... ஐயோ, கடைக்காரம்மா வர்றாங்க.

பஸ்குவாலா: என்ன சத்தம் இங்க? வியாபாரம் கெடக் கூடாதுன்னுதான் கடையை மூடாம அடிக்கச் சொன்னேன். ஜன்னலோர மேசைக்காரர் சூப்பை ஆறவிட்டுட்டு உங்க சண்டையைக் கேட்டுட்டு இருக்காரு!

செவரினா: மன்னிச்சுக்குங்க டோன்யா பஸ்குவாலா. ஒண்ணே ஒண்ணு... திங்கக்கிழமை கடை லீவுல, மாடியில இவர்கூட யாரு வேலை பார்த்தா?

பஸ்குவாலா: நான் என்னத்தைக் கண்டேன்? சாவியைக் குடுத்துட்டு சந்தைக்குப் போயிட்டேன். ஆனா மறுநாள் வந்து மாடி அடுப்பைப் பத்த வச்சா, காஸ் காலி! முந்தின நாள்தான் புது சிலிண்டர் மாட்டினது. சூப் அண்டா ரெண்டும் கழுவிக் கவுத்தி வச்சிருக்கு. உன் புருஷன் யாருக்கு விருந்து வச்சாரோ!

செனோபியோ: டோன்யா... நான்தான் வேற சிலிண்டர் வாங்கி வச்சுட்டேனே.

பஸ்குவாலா: வச்சே, வச்சே. அதனாலதான் நானும் துருவல. சண்டை போடுங்க, சத்தமில்லாம போடுங்க.

செவரினா: ...சமைச்சுப் போட்டியா அவளுக்கு?

செனோபியோ: போயிட்டாங்களா? பெரிய வாய் அந்தம்மாவுக்கு.

செவரினா: எனக்கு ஒரு வாய் காபி போட்டுக் குடுத்ததில்ல இந்த மனுஷன். அவளுக்கு அண்டா அண்டாவா! என்ன, ஆட்டுக்கறியா?

செனோபியோ: ஓரம், செவரினா, ஓரம்! காஞ்சுட்டு வருது!

செவரினா: காயட்டும். பேரைச் சொல்லு. இல்ல, பிரஷை வச்சுட்டு இறங்கிடுவேன். நட்ட நடுச் சுவர், எல்லாரும் பார்த்துக்கிட்டே சாப்பிடுற இடம். பட்டை பட்டையா நிக்கட்டும்.

செனோபியோ: அடியே, புதுசா தொறக்கப் போற கடையையும் நமக்குத்தான் தர்றதா சொல்லிருக்காங்க...

செவரினா: தனியா அடிச்சுக்கோ. உனக்குத்தான் தனியா அடிச்சாலும் கோடு விழாதே!

செனோபியோ: இறங்காதே, சொன்னாக் கேளு!

செவரினா: இறங்குறேன்.

செனோபியோ: சரி! நில்டாதான்! போதுமா? வந்தா, அடிச்சா, சாப்பிட்டா, போயிட்டா. பிரஷை எடு!

செவரினா: நில்டாவா?

செனோபியோ: என்ன... ஏன் அப்படிப் பார்க்கிற?

செவரினா: அன்னிக்கு நில்டா இந்த ஊர்லயே இல்ல.

செனோபியோ: உனக்கெப்படித் தெரியும்? நீ உங்கம்மா வீட்ல முட்டுக்குத் தைலம் தேய்ச்சுட்டு இருந்த.

செவரினா: எங்கம்மா முட்டு கல்லு மாதிரி இருக்கு. நான் ஒருரோ ஊருக்குப் போனேன். நில்டாவைத் தேடி.

செனோபியோ: எதுக்கு?!

செவரினா: அப்படி என்ன கை அதுன்னு பார்க்கத்தான். நாலு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டு வரலாம்னு போனா, ஒரு பல் டாக்டர் கிளினிக்ல ஏணி மேல நிக்கிறா. கூட வர்ற ஆள் வரல. காயுது காயுதுன்னு கத்துறா. திட்டப் போனவ கையில உருளையைத் திணிச்சுட்டா.

செனோபியோ: நீயும் அவளுமா!

செவரினா: பொழுது சாயுற வரைக்கும். எத்தனை பட்டைங்கிற அந்தச் சுவத்துல! அவ ஓட்டம் வேற, என் ஓட்டம் வேற. அவ கையிலயும் கோடு விழுதுன்னு பார்த்தப்பத்தான் என் மனசு ஆறுச்சு. இங்க வந்து மாடியைப் பார்த்ததும் மறுபடி பத்திக்கிச்சு. உன் வாயில என்ன வருதுன்னு பார்க்கத்தான் அவ பேரை எடுத்தேன். நில்டா பேரைச் சொல்லி மறைக்கிற அளவுக்கு... எவ அவ?

செனோபியோ: ஓரத்தை வெட்டு. சொல்றேன்.

செவரினா: வெட்டுறேன். சொல்லு.

செனோபியோ: எவளும் இல்ல. அந்த அண்டா ரெண்டையும் நாள் பூரா கொதிக்க வச்சேன்.

செவரினா: யாருக்கு?

செனோபியோ: சுவத்துக்கு. வெறும் தண்ணி. ஜன்னலையெல்லாம் சாத்திட்டு, மாடி முழுக்க ஆவி. கண்ணாடி வேர்த்து ஊத்துச்சு. பெயிண்ட் காயவே இல்ல. நானே ஏறி ஓரம் வெட்டி, நானே இறங்கி உருளை ஓட்டி... ஒரு கோடு விழல.

செவரினா: அட பாவி மனுஷா! இதைச் சொல்றதுக்கு என்ன? எவளோ இருக்கான்னு நான் வெந்து சாகட்டும்னு விட்டியா?

செனோபியோ: ஒருத்தனே போதும்னு தெரிஞ்சா, நீ உன் தங்கச்சி துணிக்கடைக்குப் போயிடுவேல்ல?