ஒத்த ஆள் இல்லாத பெட்டி

விடியற்காலை ஐந்து பத்து. வடக்குத்து கிராமத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் பாதை. அங்கே தெருவிளக்கு ஒன்று எரிந்தால் அடுத்தது எரியாது, உங்களுக்கே தெரியும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸுக்காகத் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார் கொளஞ்சியப்பன். பழுப்பு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கையில் போன்.

அதே நேரம் ஜெர்மனியில் ராத்திரி பன்னிரண்டு நாற்பது. அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு ரயிலில் அவர் மகள் பவித்ரா.

நம் சிலம்பரசன் இருக்கிறானே, இருபத்தொன்றாம் பிளாக்... அவனுடைய அக்கா மகள்தான் இந்தப் பவித்ரா. அவன் சொல்லித்தான் எனக்கும் தெரியும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும்.

அவள் அங்கே படிக்கப் போய் ஒன்றரை வருடம். தங்குவதற்கான பர்மிட் முடிய இன்னும் பதினோரு நாள்தான். புதுப்பிக்கக் காலை எட்டரை மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்து. அதற்குள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளோ வேறொரு ஊரில் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

முதல் ரயில் ஒன்றரை மணி நேரம் லேட். அதனால் இரண்டாவது போய்விட்டது. மூன்றாவது ரத்து. பனியில் நின்று நின்று, கடைசியில் கிடைத்தது இரண்டே பெட்டி உள்ள ஒரு வண்டி. சாயாத சீட்டு. பூட்டிய கழிப்பறை. கொண்டுபோன சப்பாத்தி மாலையே தீர்ந்துவிட்டது. போனில் சார்ஜ் பதினோரு பர்சென்ட்.

அந்த வண்டியும் நின்றது... நட்ட நடுக் காட்டில்.

ஐந்து நிமிடம். பத்து. இருபது. வெளியே வெறும் இருட்டு. "ச்சே" என்று கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டாள்.

ஸ்ஸ்ஸ்... டக். கதவு திறந்தது.

யாரும் ஏறவில்லை. குளிர்காற்று மட்டும் வந்தது. கூடவே ஒரு வாசனை. மழையில் நனைந்த பழுப்பு நிலக்கரி... நமக்குத் தெரியாத வாசனையா அது? அவளுக்கு ஒரு நொடி ஊருக்கே வந்துவிட்டது போலிருந்தது.

கதவு மூடியது. மறுபடி திறந்தது. மறுபடி மூடியது. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம், ஆட்கள் ஏறி முடிக்கிற அளவுக்கு, திறந்தபடியே இருந்தது. அவளுக்குப் பயமில்லை. எரிச்சல்தான். யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. போனை எடுத்துப் பெட்டியைச் சுற்றி ஒரு வீடியோ பிடித்தாள். கடைசியில் தன் முகத்தையும் காட்டினாள்.

"பாருப்பா என் நெலமைய. ஒத்த ஆளு இல்ல. எப்பப் போய்ச் சேருவேன்னே தெரியல."

அப்பாவுக்கு அனுப்பினாள். வண்டி நகர்ந்தது. இரண்டு நிமிடத்தில் அவர் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"பாப்பா, இம்மாங் கூட்டத்துல எடம் கெடச்சதே பெருசு. பையப் பத்திரமா வச்சிக்க. பக்கத்துல ஒக்காந்துகினு இருக்குற அம்மாவ கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லு. ஒன் தோள்மேல சாஞ்சிகினு இருக்குது பாரு."

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. உடனே போன் போட்டாள்.

"ஏம்ப்பா, கண்ணாடி போட்டுக்கினு பாத்தியா இல்லியா? நானே நொந்து போயிருக்கேன்!"

"போட்டுக்கினுதாம்மா பாத்தேன். கிழவன் கிழவி, கைக்கொழந்தைக்காரிங்க... சட்டி பானை, மூட்ட முடிச்செல்லாம் தூக்கிகினு நிக்கிறாங்களே. ஊரையே காலி பண்ணிக்கினு வர்ற மாரி..."

சிக்னல் போய்விட்டது.

பெட்டியில் அவள் மட்டும். விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள்... ஜாக்கெட் நனைந்திருந்தது. விரலில் பழுப்பு மண்.

பையைத் தூக்கிக்கொண்டு முன்பெட்டிக்கு ஓடினாள். அங்கே டிக்கெட் பரிசோதகர் காபி குடித்துக்கொண்டிருந்தார். கதவு ஏன் திறந்தது என்று மூச்சு வாங்கக் கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிக்னலுக்காக நின்றோம், அங்கே ஸ்டேஷனே கிடையாது, இருந்த ஊரையும் நிலக்கரிச் சுரங்கத்துக்காக எப்போதோ காலி பண்ணிவிட்டார்கள், நடுவழியில் கதவு திறக்காது என்றார். விடியும்வரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆபீஸுக்குப் போய்ச் சேரும்போது எட்டு முப்பத்தொன்பது. ஒன்பது நிமிடம் தாமதம், நேரம் முடிந்துவிட்டது என்றாள் கவுன்ட்டரில் இருந்த அம்மாள். பவித்ரா அங்கேயே உடைந்து அழுதாள். ராத்திரி முழுக்க அடக்கிய ஆத்திரம் அத்தனையும் கண்ணீராக வந்தது. என்ன நினைத்தார்களோ, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அறைக்கு வந்தாள். சாப்பிடக்கூட இல்லை. கட்டிலில் விழுந்தவள் பகல் முழுக்க அடித்துப் போட்டது போல் தூங்கினாள். சாயங்காலம் எழுந்து, மேஜைமுன் உட்கார்ந்து, பர்மிட் கிடைத்த சேதியைச் சொல்ல அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். முதுகுக்குப் பின்னால் கட்டில்.

"கெடச்சிருச்சுப்பா!"

கொளஞ்சியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ப்பா? கேக்குதா? இந்த நெட்டு வேற..."

"பாப்பா." குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "லைட்ட அமத்தாத. திரும்பிப் பாக்காத. போன எடுத்துக்கினு... அப்புடியே வெளிய வந்துரு."

"வெளையாடறியா நீ? மனுசி படுற பாட்டுல..."

பின்னால் கட்டில் ஒருமுறை க்ரீச் என்றது.

அவள் போனோடு எழுந்தாள். கால்உறையோடு, செருப்புகூடப் போடாமல், மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். அந்த அறைக்கு மறுபடி போகவே இல்லை. சாமான்களைக் கூடப் படிக்கும் பிள்ளைகள்தான் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேறு அறை, பிறகு வேறு ஊர். படிப்பை முடித்து இப்போது வேலையிலும் இருக்கிறாள். அப்பாவோடு தினமும் பேசுவாள். வீடியோ மட்டும் கிடையாது. அன்று என்ன தெரிந்தது என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சிலம்பரசன்தான் விடவில்லை. ஒருநாள் விடியற்காலை, அதே பஸ் நிற்கும் இடத்தில், மாமா கொளஞ்சியப்பனைப் பிடித்துக் கேட்டிருக்கிறான். பஸ் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தபிறகுதான் அவர் சொன்னாராம்.

"அம்மாம் பேரும் அங்கதான் இருந்தாங்க மாப்ள. தரையில, கட்டில்மேல, நெருக்கியடிச்சி ஒக்காந்துகினு... கட்டில் நடுவுல மட்டும், பாப்பா படுக்குற அளவுக்கு எடம் உட்டு வச்சிருந்தாங்க."