தாண்டிப் போகும் கிண்ணம்

பத்மராணி: இறங்காதேங்கோ. ஹீட்டரைப் போட்டபடி காருக்குள்ளயே இருங்கோ... ஒரு கேள்வி.

பேரின்பநாதன்: பார்க்கிங் லாட்டில வச்சு என்ன கேள்வி? சபை தொடங்கப் போகுது.

பத்மராணி: அந்தப் பேஜரையும் நிப்பாட்டுங்கோ. ஞாயிற்றுக்கிழமையும் உங்கட கம்பனிக்கு நீங்கள் வேணுமோ?

பேரின்பநாதன்: நிப்பாட்டியாச்சு. கேளும்.

பத்மராணி: சயந்தினி இண்டைக்கு வாறாள்.

பேரின்பநாதன்: வரட்டும். வாடகைச் சேர்ச்தானே, கதவு திறந்துதான் கிடக்கு.

பத்மராணி: நற்கருணைக்கும் முன்னுக்கு வருவாளாம். போன் பண்ணிச் சொன்னவள்.

பேரின்பநாதன்: ...அது ஏலாது. சபைக் கமிற்றி முடிவெடுத்தாச்சு.

பத்மராணி: என்னெண்டு?

பேரின்பநாதன்: உமக்குத் தெரியாததோ? குழந்தையா இருக்கேக்க ஞானஸ்நானம் எடுத்தவை, வளர்ந்தாப் பிறகு வேற ஆக்களிட்டப் போய் இன்னொருக்கா முழுக்கு எடுத்தா, அவைக்கு எங்கட சபையில நற்கருணை இல்லை. அவ்வளவுதான்.

பத்மராணி: நீங்களும் கை தூக்கினீங்களோ?

பேரின்பநாதன்: கமிற்றி முடிவெண்டா முடிவுதானே...

பத்மராணி: நழுவாதேங்கோ. சரி, அவள் வந்து பீடத்துக்கு முன்னால கிராதியில முழந்தாள் போடுறாள். பாஸ்டர் அப்பம் குடுக்காமல் தாண்டிப் போறார். பின்னால திராட்சரசக் கிண்ணத்தோட வாறது மூப்பர்... நீங்கள். நீங்களும் தாண்டுவீங்களோ?

பேரின்பநாதன்: பாஸ்டர் தாண்டினவையை மூப்பர் என்ன செய்யிறது?

பத்மராணி: நான் யூனிவர்சிற்றியில எழுதின பேப்பரை வாசிச்சனீங்களோ?

பேரின்பநாதன்: வாசிச்சனான். ரெண்டாம் பக்கத்தில நித்திரை வந்திட்டுது.

பத்மராணி: விசயமே மூன்றாம் பக்கத்திலதான். சூரிச் நகரம். நானூறு, ஐநூறு வருசத்துக்கு முன்னால. போப்பாண்டவர் பிழை, பைபிள்தான் சரியெண்டு ரோமை விட்டு வெளியில வந்த ஊர். அந்த ஊருக்குள்ளயே கொஞ்சப் பேர், அப்ப குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கிறதும் பைபிளில இல்லையே எண்டு கேட்டவை.

பேரின்பநாதன்: வில்லங்கம் பிடிச்ச ஆக்கள். உம்மட சொந்தக்காரர் போல.

பத்மராணி: பகிடியை விடுங்கோ. வளர்ந்த ஆக்கள், தாங்களா விரும்பி, வீட்டுக்குள்ள வச்சு ஞானஸ்நானம் எடுத்தவை. நகரசபை என்ன செய்தது தெரியுமோ? உங்களுக்குத் தண்ணிதானே வேணும் எண்டு ஒருத்தனைக் கட்டி ஆத்தில அமுக்கினது. தாங்கள் கேள்வி கேட்டு வெளியில வந்ததை மறந்திட்டினம்.

பேரின்பநாதன்: இஞ்ச ஒருத்தரையும் ஆத்தில தள்ளேல்லையே. பக்கத்தில ஓடுற ராரிட்டன் ஆறும் இப்ப ஐஸாக் கிடக்கு, தள்ளினாலும் தாழாது.

பத்மராணி: தள்ளத் தேவையில்லை. போன கிழமை சபைச் சாப்பாட்டு மேசையில சயந்தினி வச்ச கட்லட்டை ஒருத்தரும் தொடேல்லை. பிறகு அவள் தட்டை மூடி மடியில வச்சுக்கொண்டு இருந்தவள்... அவளின்ர மகளையும் கிறிஸ்மஸ் நாடகத்தால எடுத்துப் போட்டினம். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

பேரின்பநாதன்: அப்ப நீர் ஒண்டை எடுத்துச் சாப்பிட்டிருக்கலாமே.

பத்மராணி: ...பயந்திட்டன்.

பேரின்பநாதன்: நீரோ? ஆருக்கு?

பத்மராணி: என்னையும் பாத்துக் கேட்டுப் போடுவினமோ எண்டு.

பேரின்பநாதன்: என்னத்தை?

பத்மராணி: சயந்தினி முழுக்கு எடுக்க பிஸ்கட்டவே ஊருக்குத் தனியப் போகேல்லை. அங்க ஒரு வீட்டு நீச்சல் பூலில செப்டெம்பர் மாதம், குளிர் வருதெண்டு மூட முதல்... ரெண்டு பேர் இறங்கினவை.

பேரின்பநாதன்: ம்.

பத்மராணி: மற்றது நான்.

பேரின்பநாதன்: நீர் சொல்லி முடியும்.

பத்மராணி: யாழ்ப்பாணத்தில எனக்கு ஞானஸ்நானம் குடுக்கேக்க நான் வீரிட்டு அழுதனானாம். எனக்காக ஓமெண்டு சொன்னது என்ர ஞானத்தாய். பிழையெண்டு சொல்லேல்லை. ஆனா ஒருக்கா, என்ர வாயால, நானே ஓமெண்டு சொல்ல வேணும் போல இருந்தது. சொல்லிட்டன். அதைத் திரும்ப எடுக்க மாட்டன்.

பேரின்பநாதன்: ஆரும் எடுக்கச் சொல்லேல்லையே.

பத்மராணி: சொல்லுவினம். மன்னிப்புக் கேட்டா மறந்திடுவம் எண்டு சயந்தினிக்குச் சொன்னவை. நான் கேக்க மாட்டன். மறைச்சுக்கொண்டும் இருக்க மாட்டன். அவளைத் தாண்டின கிண்ணம் என்னட்ட வந்தா, அது எனக்குத் தொண்டையால இறங்காது. இண்டைக்கு அவளுக்குப் பக்கத்தில நிண்டு, பாஸ்டருக்கு நானே சொல்லிப்போட்டுத்தான் முழந்தாள் போடுவன்.

பேரின்பநாதன்: நாளைக்கு எடிசன் ஊர் முழுக்க இதுதான் கதையா இருக்கும்.

பத்மராணி: இருக்கட்டும். எனக்கு ஊர் பற்றிக் கவலையில்லை, உங்களைப் பற்றித்தான். கிண்ணத்தோட எனக்கு முன்னால வந்து நிப்பீங்கள். தருவீங்களோ, தாண்டுவீங்களோ? இப்பவே சொல்லுங்கோ. அங்க வச்சு உங்கட முகத்தைப் பாத்துத் தெரிஞ்சுகொள்ள என்னால ஏலாது.

பேரின்பநாதன்: இண்டைக்குக் கிண்ணம் கொண்டு வாறது மற்ற மூப்பர், நாகரத்தினம் அண்ணை.

பத்மராணி: ஏன்? இந்த மாதம் உங்கட முறையெல்லோ?

பேரின்பநாதன்: கை தூக்கச் சொன்ன அண்டைக்கே மூப்பர் வேலையை விட்டிட்டன். செப்டெம்பரில ஒரு நாள் குளோரின் மணக்கிற ஈரத் தலையோட வந்து, ஓக் ட்ரீ ரோட்டில சாமான் வாங்கினனான் எண்டீரே... எந்தப் பலசரக்குக் கடையில தலை நனையும்? நீராச் சொல்லட்டும் எண்டு இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். உம்மட முழுக்கில எனக்கு நம்பிக்கையில்லை ராணி, எனக்குச் சின்னனில எடுத்தது போதும். ஆனா உமக்குப் பக்கத்தில நானும் முழந்தாள் போடப் போறன், உம்மைத் தாண்டின கிண்ணத்தை எனக்கு நீட்டினாலும் வாங்க மாட்டன். இறங்கும், சயந்தினி அங்க வாசலில தனிய நிக்கிறா.